வரிசை தப்பிய படிப்பு

2023 அக்டோபர் மாதம், மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. மரக்காணத்திலிருந்து ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். என்னிடம் படித்த மாணவி ஒருத்தியின் சின்னம்மா அவர். வயது 37. ஜனவரியிலிருந்து செப்டம்பர்வரை உப்பளத்தில் கூலி வேலை. மழை தொடங்கிவிட்டால் அளத்தில் வேலை கிடையாது. அப்படியொரு வேலையில்லாத நாளில்தான் வந்திருந்தார். கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. பைக்குள் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதில் 2002இல் பத்தாம் வகுப்பு முடித்த மதிப்பெண் சான்றும், திறந்தநிலைக் கல்வியில் வாங்கிய பி.ஏ. தமிழ்ப் பட்டச் சான்றும் இருந்தன.

“டீச்சராவணும் மேடம். பி.எட். சேரலாம்னு போயி கேட்டேன். இந்த டிகிரி செல்லாதுன்னுட்டாங்க. பரீட்சை எழுதி பாஸாயிதான வாங்கினேன், அது எப்படி மேடம் செல்லாமப் போவும்?”

சான்றுகளைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவரிடம் பத்தாம் வகுப்பு இருக்கிறது, பட்டம் இருக்கிறது, நடுவில் பன்னிரண்டாம் வகுப்பு இல்லை. பிளஸ் டூ படிக்காதவர்களும் 18 வயது நிறைந்திருந்தால் ஒரு முன்தயாரிப்புப் படிப்பை முடித்துவிட்டுப் பட்டப்படிப்பில் சேரலாம் என்று திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் கதவைத் திறந்து வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. 2006இல், மூத்த பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது, அந்தக் கதவு வழியாக இவர் உள்ளே போயிருக்கிறார். அவர் பட்டத்தை முடித்த அதே 2009இல் தமிழ்நாடு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பிறகு பட்டம் என்ற முறையில் படித்திருந்தால்தான் திறந்தநிலைப் பட்டம் அரசு வேலைக்குச் செல்லும் என்றது அந்த ஆணை. பி.எட். சேர்க்கையிலும் 10+2+3 என்ற இதே வரிசைதான் கேட்கப்படுகிறது. இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. பணம் கட்டிச் சேர்ந்த படிப்பு மையமும் சொல்லவில்லை.

நான் விளக்கி முடித்ததும் அவர் சிரித்தார். “கல்யாணத்துக்குத்தான் சீர்வரிசை கேட்டாங்க. படிப்புக்கும் வரிசை கேக்குறாங்களா?”

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது. நடுவயதில் ஒரு பெண் புதிய வேலை ஒன்றைத் தேடி மீண்டும் படிக்கப் போவதை நம் சட்டம் எப்படிப் பார்க்கிறது, நம் இலக்கியமும் வரலாறும் எப்படி எழுதுகின்றன, பெண்ணியம் பேசும் நாம் எப்படி வாசிக்கிறோம் என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க விரும்புகிறேன்.

*

வரிசை கேட்கும் விதிக்கு ஒரு நியாயம் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பள்ளிக் கல்வியின் அடித்தளம் இல்லாமல் பட்ட வகுப்புக்கு வருகிறவர்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்பதை வகுப்பறையில் பார்த்தவள் நான். பட்டம் மலிந்துபோகக் கூடாது என்ற கவலையும் பொய்யில்லை. ஆனால் அறிவு போதுமா என்று பார்ப்பதுதான் நோக்கமென்றால் அதற்கு ஒரு தேர்வு வைத்தால் போதும். இந்த விதி அறிவைச் சோதிப்பதில்லை. எது முன்னே, எது பின்னே என்றுதான் சோதிக்கிறது. விட்டுப்போன பன்னிரண்டாம் வகுப்பை இவர் இனிமேல் எழுதித் தேறினாலும் பழைய பட்டத்துக்கு உயிர் வராது. அது பன்னிரண்டுக்கு முன்னால் வாங்கியது. பட்டத்தையும் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும்.

பதினைந்தில் பத்து, பதினேழில் பன்னிரண்டு, இருபதில் பட்டம். இது யாருடைய வாழ்க்கையின் வரிசை? யாருடைய படிப்பு முடியும்வரை வீட்டில் வேறொருத்தி சோறு பொங்கிப் போடுகிறாளோ, யாரைப் பெண்பார்க்க வருவதில்லையோ, வயிற்றில் பிள்ளையோடு யார் தேர்வெழுத வேண்டியதில்லையோ, அவருடைய வாழ்க்கையின் வரிசை. விதி ஆண் என்றோ பெண் என்றோ சொல்வதில்லை. ஆனால் ஓர் ஆண்பிள்ளையின் வாழ்க்கையை அளவெடுத்துத் தைத்த சட்டை அது. மரக்காணத்துப் பெண்ணின் வரிசை வேறு: பத்து, திருமணம், பிள்ளை, பட்டம், இன்னொரு பிள்ளை, உப்பு, பதினைந்து வருடம் கழித்துப் பன்னிரண்டு. இந்த வரிசையில் ஒரு படியைக்கூட அவர் சோம்பலால் தாண்டவில்லை.

அன்று நாங்கள் இருவரும் ஒரு தாளில் கணக்குப் போட்டோம். தனித்தேர்வராக 2024இல் பிளஸ் ஒன். 2025இல் பிளஸ் டூ. பட்டம் மூன்று ஆண்டுகள், 2028. பி.எட். இரண்டு ஆண்டுகள், 2030. பணியில் இல்லாத ஒருவர் பி.எட். படிப்பைத் தபாலில் படித்துவிட முடியாது. நாள்தோறும் கல்லூரிக்குப் போக வேண்டும். அந்த இரண்டு வருடம் அளத்துக் கூலி வராது. எல்லாம் நல்லபடியாக நடந்தால் அவர் ஆசிரியைத் தகுதி பெறும்போது வயது 44 ஆகியிருக்கும்.

“அதுக்குள்ள எம்பொண்ணே டீச்சராயிடும்” என்றார். பிறகு, “ஆவட்டும், ரெண்டு பேரும் போறோம்” என்றார்.

*

இப்படிப்பட்ட பெண்களைப் பற்றி நாம் எழுதும் முறை பழகிப்போன ஒன்று. “வயது ஒரு தடையல்ல” என்று தலைப்பு வரும். ஒரு புகைப்படம் வரும். மன உறுதி, விடாமுயற்சி, சாதனை என்ற சொற்கள் வரும். 2018இல் கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா தமது 96ஆம் வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி 100க்கு 98 மதிப்பெண் பெற்றார். நாடே கொண்டாடியது. நானும் என் வகுப்பில் அந்தப் படத்தைக் காட்டினேன். இன்று யோசித்தால், நாம் அவ்வளவு தாராளமாக மகிழ்ந்ததற்கு ஒரு காரணம் தெரிகிறது. 96 வயதுப் பெண் நம்மிடம் வேலை கேட்கவில்லை. அவர் படிப்பு யாருடைய இடத்தையும் பறிக்காது. 37 வயதுக்காரி அப்படியல்ல. அவருக்குச் சான்றிதழ் வேண்டும், பணியிடம் வேண்டும், மாதச் சம்பளம் வேண்டும். அங்கே நம் மகிழ்ச்சி நின்று, விதி பேசத் தொடங்குகிறது.

அந்தப் படத்தில் தெரியாத இன்னொன்றும் உண்டு. கார்த்தியாயினி அம்மாவுக்குப் பின்னால் கேரள அரசின் எழுத்தறிவு இயக்கம் இருந்தது. நான்காம், ஏழாம், பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குச் சமமான தேர்வுகளை வயதுவந்தவர்களுக்காக நடத்தும் அமைப்பு அது. படம் மூதாட்டியைக் காட்டியது, அமைப்பைக் காட்டவில்லை.

நம் பெண்கல்வி முன்னோடிகளின் வாழ்க்கையையும் நாம் இப்படியே வாசித்து வந்திருக்கிறோம். சகோதரி சுப்புலட்சுமியை எடுத்துக்கொள்வோம். 1886இல் பிறந்தவர். பால்ய விவாகம், உடனே கைம்மை. படித்தார், 1911இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பள்ளிப் பாடங்களில் இந்தக் கதை அனேகமாகப் பட்டத்தோடு உச்சம் அடைந்துவிடும். எனக்கு அதற்குப் பிறகான கதைதான் முக்கியம். 1912இல் அவர் இளம் கைம்பெண்களுக்காக எழும்பூரில் ஒரு வீட்டைத் தொடங்கினார். பின்னாளில் அது கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்குப் போனது. அந்தப் பெண்களுக்கு அவர் கொடுத்தது புத்தகம் மட்டுமல்ல. படுக்க இடம், வேளைக்குச் சோறு, பள்ளிக்குப் போய்வரத் துணை, படித்து முடித்தபின் ஆசிரியைப் பயிற்சி. அந்த வீட்டின் அடுப்படியையும் நிர்வாகத்தையும் தாங்கியவர் சுப்புலட்சுமியின் சித்தி வாலாம்பாள். அவரும் ஒரு கைம்பெண். சுப்புலட்சுமியின் பெயர் நமக்குத் தெரியும். வாலாம்பாளின் பெயரைச் சொன்னால் தமிழ் முதுகலை மாணவிகள்கூட யார் என்று கேட்கிறார்கள்.

இந்த வீட்டுக்கும் வரம்பு இருந்தது. அது பார்ப்பனக் கைம்பெண்களுக்கான இல்லம். அன்றைய சமூகத்தின் சாதிக் கோட்டை அது தாண்டவில்லை. உப்பு சுமந்த ஒரு பெண் அந்தப் படியேறியிருக்க முடியாது. வயதிலும் ஒரு கோடு இருந்தது. அதைத் தாண்டிய பெண்களுக்கும் படிப்பு வேண்டும் என்பதை உணர்ந்துதான் சாரதா மகளிர் சங்கத்தின் மூலம் 1927இல் சாரதா வித்யாலயம் உருவானது. சாதி வரம்பை நாம் மறக்கக் கூடாது. அதே சமயம், வயது மீறியவர்களுக்கு இன்னொரு வீடு கட்ட வேண்டும் என்று நூறாண்டுகளுக்கு முன்பே ஒருவர் நினைத்தார் என்பதையும் மறக்கக் கூடாது.

துர்காபாய் தேஷ்முக்கின் வாழ்க்கை இன்னும் நெருங்கி வருகிறது, அதிலும் உப்பின் வழியாகவே. 1909இல் ராஜமுந்திரியில் பிறந்தவர். எட்டு வயதில் திருமணம். பின்னர் அதிலிருந்து விலகினார். 1930இல் சென்னையில் உப்புச் சத்தியாகிரகத்தில் ஈடுபட்டுச் சிறைக்குப் போனார். சிறைவாசங்கள் முடிந்து வெளியே வந்த பிறகுதான், இருபது வயதைத் தாண்டிய நிலையில், மெட்ரிகுலேஷன் தேர்வுக்குப் படித்தார். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் வழியாக அதை எழுதித் தேறினார். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பட்டம் படிக்கப் போனபோது, பெண்களுக்கு விடுதி இல்லை என்பது தடையாக வந்தது. இங்கே அவர் செய்ததை நான் மாணவிகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வேன். தன்னைப் போலவே விடுதி இல்லாததால் படிக்க முடியாமலிருக்கும் பெண்கள் தொடர்புகொள்ளலாம் என்று பத்திரிகையில் அறிவித்தார். வந்த பெண்களைச் சேர்த்துக்கொண்டு தங்குமிடம் ஏற்பாடு செய்தார். பிறகு சேர்ந்து படித்தார்கள். 1942இல் சென்னையில் சட்டப் படிப்பை முடித்து வழக்கறிஞரானார். சில ஆண்டுகளில் அரசியல் நிர்ணய சபைக்குச் சென்றார்.

இதற்கிடையே மயிலாப்பூரில் அவர் வளர்த்த ஆந்திர மகிள சபை, பள்ளியைத் தவறவிட்ட பெண்களைத் தேர்வுக்குத் தயார்செய்தது. சுதந்திரத்துக்குப் பின் மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவரானபோது அதே அனுபவத்தை நாடு முழுவதுக்குமான திட்டமாக்கினார். வயதுவந்த பெண்களுக்கான சுருக்கக் கல்வித் திட்டம் 1958இல் தொடங்கியது. படிப்பை இடையில் விட்ட பெண்கள் சுமார் இரண்டே ஆண்டுகளில் பொதுத்தேர்வுக்குத் தயாராகி, செவிலியாகவோ ஆசிரியையாகவோ கிராம சேவிகாவாகவோ பயிற்சிக்குப் போவதற்கான வழி அது. பள்ளிக் குழந்தையின் கால அட்டவணையை வயதுவந்த பெண் மீது சுமத்தாமல், அவளிடம் இருக்கும் காலத்துக்கு ஏற்பப் படிப்பைச் சுருக்கினார்கள்.

இந்த இரண்டு வாழ்க்கைகளிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். தமிழகத்தில் வரிசை தப்பிய பெண்கள் படித்து வேறு வாழ்க்கைக்குப் போன இடங்களிலெல்லாம் அவர்களுக்காக யாரோ ஒரு வீட்டைக் கட்டியிருக்கிறார்கள், ஓர் அடுப்பை எரித்திருக்கிறார்கள், ஒரு பாடத்திட்டத்தைச் சுருக்கியிருக்கிறார்கள். மன உறுதி எல்லாப் பெண்களிடமும்தான் இருந்தது. வீடு கிடைத்தவர்கள் வரலாற்றில் இருக்கிறார்கள். வீட்டை நீக்கிவிட்டு மன உறுதியை மட்டும் எழுதும்போது, படிக்க முடியாமல்போன பெண்ணை மன உறுதி இல்லாதவளாக ஆக்கிவிடுகிறோம்.

*

இலக்கியத்துக்கு வருகிறேன். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம்தான் என்று அறிஞர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். உப்பு விற்கப் போகும் உமணர்களும் அந்தப் பாட்டில் வருகிறார்கள். உப்பு விற்கும் பெண்ணை நம் மொழி நெடுங்காலமாக அறியும். அகநானூற்றின் 140ஆம் பாடலில் அம்மூவனார் அப்படியொருத்தியைக் காட்டுகிறார். நெல்லுக்குச் சமமாக உப்பு என்று விலை கூவிக்கொண்டு அவள் தெருவில் வருகிறாள். புதுக் குரலைக் கேட்டு நாய் குரைக்கிறது. அவள் மிரள்கிறாள். அந்த மிரண்ட கண்ணில் தலைவன் சிக்கிக்கொள்கிறான். தன் பெருமூச்சுக்கு அவன் தரும் உவமை, சேற்றில் புதைந்த உப்பு வண்டியை இழுக்கும் எருதின் மூச்சு.

வகுப்பில் இந்தப் பாடலை நான் பலமுறை நடத்தியிருக்கிறேன், அழகான பாடல்தான். ஆனால் மரக்காணத்துப் பெண் வந்துபோன பிறகு அதை நடத்தும்போது ஒன்று உறுத்தியது. அவள் கூவுவது ஒரு பண்டமாற்றுக் கணக்கு. அளவு தெரியும், விலை தெரியும், எந்தத் தெருவில் எப்போது போக வேண்டும் என்று தெரியும். பாடலுக்கு அந்த அறிவு பின்னணி ஓசை மட்டுமே. எருதின் களைப்புகூட ஆணின் ஏக்கத்துக்கு உவமையாகிவிடுகிறது. உப்பு சுமந்தவளின் களைப்புக்கு அங்கே இடமில்லை. உழைக்கும் பெண்ணின் கண்ணைப் பார்க்கவும் அவள் அறிவைக் கடந்துபோகவும் நமக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பயிற்சி இருக்கிறது.

அந்தப் பார்வையைத் தமிழ் நாவலில் திருப்பியவர் ராஜம் கிருஷ்ணன். 1979இல் வெளிவந்த அவரது ‘கரிப்பு மணிகள்’ தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றியது. வெயிலும் உப்பும் உடம்பை என்ன செய்கின்றன, கூலிக்குப் போகும் பெண்ணுக்கு மேற்பார்வை செய்யும் ஆணிடமிருந்து என்ன ஆபத்து வருகிறது என்பதைப் பொன்னாச்சி என்ற பெண்ணை நடுவில் நிறுத்தி அவர் எழுதினார். களத்துக்கு நேரில் போய், தொழிலாளர்களோடு பேசி எழுதிய நாவல். அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். சுரண்டலை அது துல்லியமாகக் காட்டுகிறது. அளத்துப் பெண் தன் தொழிலில் என்னவெல்லாம் அறிந்தவள் என்பதை அதே அழுத்தத்தோடு காட்டவில்லை. அவள் துன்புறுகிறாள், விழிப்படைகிறாள். அவள் ஏற்கெனவே அறிந்தவளாகவும் இருக்கிறாள் என்பதை எழுத இன்னொரு நாவல் வேண்டும்.

ராஜம் கிருஷ்ணனின் சொந்த வாழ்க்கையும் இந்தக் கட்டுரைக்குள் வருகிறது. 15 வயதில் மணமானவர். கல்லூரிக்குப் போனவரில்லை. தாமே படித்துத் தம்மை உருவாக்கிக்கொண்டு, ஒவ்வொரு நாவலுக்கும் ஊர் ஊராகப் போய் ஆய்வு செய்தார். அவர் நாவல்களை ஆய்ந்து எத்தனையோ பேர் முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறோம். அந்த நாவல்கள் முதுகலைப் பாடத்தில் இருக்கின்றன. ஆனால் நம் கல்லூரி எதிலும் உதவிப் பேராசிரியர் பணிக்கு அவர் விண்ணப்பித்திருந்தால் முதல் சல்லடையிலேயே விழுந்திருப்பார். அவரிடமும் வரிசை இல்லை.

*

அந்தப் பெண்ணிடம் அளத்தைப் பற்றிக் கேட்டேன். கழித் தண்ணீரைப் பாத்தியிலிருந்து பாத்திக்கு மாற்றிமாற்றிக் காயவைப்பதை விளக்கினார். 25 டிகிரி வந்தால் உப்பு இறங்கத் தொடங்கும். டிகிரி மேலும் ஏறவிட்டால் கசப்பு சேரும். அதற்குள் உப்பை வாரிவிட்டு மிச்சத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். கருவி போட்டுப் பார்ப்பது மேஸ்திரியின் வேலை. “எங்களுக்குத் தண்ணி நிறத்தப் பாத்தாலே தெரியும் மேடம்.” பள்ளிக்கூட வேதியியலில் படிகமாதல் என்று ஒரு பாடம் உண்டு. அவர் சொன்ன அளவுக்கு அதைத் தெளிவாகச் சொன்ன ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

கற்பிக்கும் ஆசை அவருக்கு எங்கிருந்து வந்தது என்றும் கேட்டேன். கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்துக்குப் பிறகு, 2021 அக்டோபர் 27 அன்று ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்தது மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில்தான். அதைப் பார்த்துத் தானும் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரை மாலையில் திண்ணையில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறார். “ஒரு பையன் எழுத்தே கூட்டமாட்டான். ரெண்டு மாசத்துல பேப்பர் படிச்சிட்டான். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.” இதை அவர் சொன்னபோது எனக்கு என் முதல் வகுப்பு நினைவுக்கு வந்தது.

அவருடைய நாட்காட்டியைக் கல்லூரியின் நாட்காட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அளத்தில் வேலை ஜனவரி முதல் செப்டம்பர்வரை. விடிவதற்கு முன்பே இறங்க வேண்டும். பிளஸ் டூ தேர்வு மார்ச்சில், உப்பு வாரும் நாட்களில். கல்லூரி திறப்பது ஜூன், ஜூலையில், அதுவும் உப்புக் காலம். பக்கத்து அரசு கலைக் கல்லூரி திண்டிவனத்தில், சுமார் 35 கிலோமீட்டர். அவருக்கு ஓய்வு இருப்பது அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதங்கள்தான். அந்த மாதங்களில் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ரூ. 5,000 நிவாரணம் தரத் தமிழ்நாடு அரசு முன்வந்தது நல்ல காரியம். வேலையில்லாத மூன்று மாதம் என்ற ஒன்று இருப்பதை அரசு ஏற்றுக்கொண்டுவிட்டது. அந்த மூன்று மாதத்தில் மரக்காணத்துப் பள்ளி ஒன்றில் மாலை வகுப்பு வைத்து, அதன் முடிவில் ஒரு தேர்வும் வைத்தால் என்ன? 1958இல் சாத்தியமான ஒன்றின் சிறு வடிவம்தான் இது.

2022இல் வந்த புதுமைப்பெண் திட்டத்தையும் அவர் கேட்டார். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டுவரை படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்கு மாதம் ரூ. 1,000. என் வகுப்பில் அந்தப் பணத்தால் பேருந்துக்கும் புத்தகத்துக்கும் கையேந்தாமல் படிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பத்தோடு பள்ளியை விட்டவருக்கும், தொலைநிலையில் படிப்பவருக்கும் அது இல்லை. திட்டம் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரைத் தாங்கியது. தேவதாசி முறைக்குள் வளர்ந்து, அதிலிருந்து வெளியேறி, அதை எதிர்த்துப் போராடி, ஐம்பதை கடந்த வயதில், 1936இல், ‘தாசிகள் மோசவலை’ நாவலை வெளியிட்டவர் அவர். வாழ்க்கையை நடுவில் மாற்றிக்கொண்ட ஒரு பெண்ணின் பெயரில் இருக்கும் திட்டத்தில், வாழ்க்கையை நடுவில் மாற்றிக்கொள்ள வரும் பெண்ணுக்கும் ஓர் இடம் ஒதுக்குவதே அந்தப் பெயருக்குப் பொருத்தம்.

*

நம்மைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பெண்ணிய அரங்குகளில் நாம் உடலைப் பேசினோம், மொழியைப் பேசினோம், எழுத்தில் விடுதலையைப் பேசினோம். அவை தேவைப்பட்டன; நானும் அந்தக் கவிதைகளை எழுதியவள். 10+2+3 பற்றி நாம் ஒரு கூட்டம் போட்டதில்லை. அது நிர்வாகச் சிக்கல், அலுவலகத்தின் வேலை என்று விட்டுவிட்டோம். நம்மில் பெரும்பாலோர் வரிசையில் வந்தவர்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம். என் படிப்பு வரிசை தப்பாமல் நடந்தது. முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதிய இரண்டு ஆண்டுகள் என் மகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைத்தவர் என் அம்மா. ஆய்வேட்டின் நன்றியுரையில் அவருக்கு ஒரு வரி இருக்கிறது. நெறியாளருக்கு ஒரு பத்தி இருக்கிறது. வாலாம்பாளை மறந்தவர்கள் என்று மற்றவர்களைச் சொல்ல எனக்குத் தகுதி குறைவு.

இதை வாசிக்கும் மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் உங்களைவிடப் பத்து, பதினைந்து வயது மூத்த ஒருவர் வந்து உட்கார்ந்தால், “இந்த வயதிலும் படிக்கிறீர்களே” என்று வியக்காதீர்கள். அந்த வியப்பில் ‘தாமதமாக வந்தவர்’ என்ற தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள், பேருந்து எத்தனை மணிக்கு, எந்தச் சான்று விட்டுப்போயிருக்கிறது என்று கேளுங்கள். துர்காபாய் பத்திரிகையில் கொடுத்த அறிவிப்பு அப்படிப்பட்ட கேள்விதான்.

அந்தப் பெண் 2024 மார்ச்சில் பிளஸ் ஒன் எழுதினார். உப்பு வாரும் மாதம் அது. தேர்வு நாட்களின் கூலி போயிற்று. எல்லாப் பாடங்களிலும் தேறிவிட்டார். வரலாற்றில் மட்டும் மதிப்பெண் குறைவு. அவருக்கு அதில் வருத்தம் உண்டு. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்வதில்லையாம். மகள், தன் பழைய நோட்டுகளைக் கொடுத்திருக்கிறாள். மழை வந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வருவார். இப்போது அவர் என்னை மேடம் என்று கூப்பிடுவதில்லை, அக்கா என்கிறார். அகநானூற்றுப் பாடலை நான் சொல்லிக்கொடுத்த அன்று, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“நெல்லுக்குச் சமமா உப்பு வித்திருக்காங்களாக்கா? அப்ப நல்ல வெலதான். இன்னிக்கு யாரு குடுப்பாங்க?”

இத்தனை ஆண்டுகள் அந்தப் பாடலை நடத்தியும் இந்தக் கேள்வியை எந்த மாணவியும் என்னிடம் கேட்டதில்லை. நானும் என்னையே கேட்டுக்கொண்டதில்லை. அவர் வகுப்பறைக்குள் ஆசிரியையாக வர வேண்டும் என்று நான் விரும்புவதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.